சாரங்கா லேபிள்ஸுக்குக் கடன் கிடையாது

சுந்தரராமன்: ...அதெல்லாம் அப்புறம். முதல்ல வந்திருந்தவா பேரு. அதுதான் முறை. எழுதிக்கோங்கோ பத்ரிநாத். "சாரங்கா லேபிள்ஸ் பிரைவேட் லிமிடெட், பொம்மனஹள்ளி. இயக்குநர்கள் கூட்டம். வந்திருந்தவர்கள்: நிர்வாக இயக்குநர் சுந்தரராமன், வயது எழுபத்தெட்டு—"

பத்ரிநாத்: மினிட்ஸ்ல வயசு வேண்டாம் ஸார்.

சுந்தரராமன்: எனக்கு வெட்கம் ஒண்ணும் இல்லை. போடுங்கோ. "இயக்குநர் திருமதி பிரிஜெட், என் தம்பி காலஞ்சென்ற ரகுராமின் மனைவி, வயது—"

பிரிஜெட்: அண்ணா!

சுந்தரராமன்: சரி. "வயது வந்தவர்."

பிரிஜெட்: அப்பாடா. நாப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு ஒத்துக்கிட்டீங்க.

சுந்தரராமன்: "கம்பெனியின் ஆடிட்டர் பத்ரிநாத். இம்மூவரைத் தவிர வேறு யாரும் இல்லை." ஆச்சா?

பத்ரிநாத்: ஆச்சு ஸார். கதவைச் சாத்திடட்டுமா? லேபிள் நெய்யற தறிச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது.

பிரிஜெட்: வேண்டாம் சார், திறந்தே இருக்கட்டும். காக்ஸ் டவுன்லேர்ந்து வர்றதுக்கு ஒண்ணேமுக்கால் மணி நேரம். சில்க் போர்டு சிக்னல்ல மட்டும் அரைமணி ஹாரன். அதுக்கு இந்தச் சத்தம் சங்கீதம். அவரு இங்க உக்காந்துக்கிட்டே சொல்லுவாரு, எந்தத் தறில நூல் அறுந்ததுன்னு.

சுந்தரராமன்: "மூணாவது தறி, இடது பக்கம்"பான். ஓடிப் போய்ப் பாத்தா நாலாவது தறியா இருக்கும்.

பிரிஜெட்: பாதி தடவை சரியாத்தான் சொல்லுவாரு.

சுந்தரராமன்: பாதி தடவை எவன் சொன்னாலும் சரியாத்தான் இருக்கும்.

பத்ரிநாத்: ஸார்... விஷயத்துக்கு வரலாமா?

சுந்தரராமன்: வாங்கோ. யார் வேண்டாங்கறா?

பத்ரிநாத்: திருப்பூர்க்காரங்க ரிப்போர்ட் வந்தாச்சு. கம்பெனியை முப்பத்தெட்டு கோடிக்கு வாங்கிக்கறோம்னு எழுதியிருக்காங்க. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து. பாதி பங்கு உங்களுது. மீதிப் பாதி மேடத்துதும், அவங்க பொண்ணு நிக்கோலுதும். மூணு பேரும் போட்டாத்தான் விற்பனை நடக்கும்.

சுந்தரராமன்: நான் போடமாட்டேன்.

பத்ரிநாத்: ஸார்! போன வாரம் சரின்னீங்களே?

சுந்தரராமன்: போன வாரம் அந்த ரிப்போர்ட்டை நான் படிக்கலை. முதல் பக்கத்துலேயே என்னை அவமானப்படுத்தியிருக்கான். நீங்களே படியுங்கோ. இதோ, நான் பென்சில்ல கோடு போட்ட இடம்.

பத்ரிநாத்: "கம்பெனிக்குக் கடனே இல்லை. ஆகவே அதன் மதிப்பு இருக்கக்கூடியதைவிடக் குறைவாக உள்ளது." இதுல அவமானம் எங்க ஸார்?

சுந்தரராமன்: எங்கேயா? நாப்பத்தாறு வருஷம் ஒரு தம்பிடி கடன் இல்லாம நடத்தியிருக்கேன். அதுக்கு மார்க் குறைப்பானா? ஒழுங்கா இருக்கறவனுக்கு விலை கம்மி, ஊரெல்லாம் கடன் வாங்கினவனுக்கு விலை ஜாஸ்தியா? இது எந்த ஊர் நியாயம்?

பத்ரிநாத்: நியாயம் இல்ல ஸார். வரி. அஷ்டே, அவ்வளவுதான்.

பிரிஜெட்: எனக்கும் புரியல சார். சொல்லுங்க. நான் டீச்சரா இருந்தவ, மெதுவா சொன்னா பிடிச்சுக்குவேன்.

பத்ரிநாத்: சரி. ஒரே ரோட்ல ரெண்டு ஃபேக்டரி. ஒண்ணு ஸாரோடது. எதிர்ல ஒருத்தர்... கிஷோர்னு வெச்சுக்குங்க. ரெண்டு பேருக்கும் எல்லாச் செலவும் போக வருஷத்துக்கு ஒரு கோடி மிச்சம்.

சுந்தரராமன்: கிஷோர் யாரு?

பத்ரிநாத்: யாரும் இல்ல ஸார். சும்னே ஒரு பேரு. ஸாருக்குக் கடன் இல்ல. அதனால ஒரு கோடிக்கும் வரி. இன்னிக்கு ரேட்ல கால்வாசி. கைல எழுபத்தஞ்சு லட்சம்.

பிரிஜெட்: சரி.

பத்ரிநாத்: கிஷோர் நாலு கோடி கடன் வாங்கியிருக்காரு. வட்டி நாப்பது லட்சம். வட்டியை சட்டம் செலவுன்னு எடுத்துக்குது. அதைக் கழிச்சுட்டு மீதி அறுபதுக்குத்தான் வரி. பதினஞ்சு லட்சத்தோட தீந்துது. அவரு கைல நாப்பத்தஞ்சு.

சுந்தரராமன்: பாத்தேளா! எனக்கு எழுபத்தஞ்சு, அந்தக் கிஷோருக்கு நாப்பத்தஞ்சு.

பத்ரிநாத்: ஆனா அவரு சொந்தப் பணம் நாலு கோடி கம்மியாப் போட்டிருக்காரே ஸார். பணம் போட்டவங்க எல்லாரையும் சேத்துப் பாருங்க. பேங்குக்கு நாப்பது, கிஷோருக்கு நாப்பத்தஞ்சு. அந்த ஃபேக்டரிலேர்ந்து எண்பத்தஞ்சு வெளில வருது. உங்களதுலேர்ந்து எழுபத்தஞ்சுதான். அதே தறி, அதே நூல், அதே லேபிள். அந்தப் பத்து லட்சம் எங்க போச்சு?

பிரிஜெட்: சர்க்காருக்கு.

பத்ரிநாத்: கரெக்ட் மேடம். வருஷா வருஷம் போகுது. அதான் வாங்க வர்றவன் கணக்குப் போடறான். திருப்பூர்க்காரங்க கம்பெனி மேல பன்னெண்டு கோடி கடன் ஏத்தப் போறாங்க. அது அப்படியே நின்னா, மிச்சமாகற வரியோட மதிப்பு மட்டும் மூணு கோடி. நீங்க ஏத்தாம விட்டது, அவங்களுக்கு லாபம்.

சுந்தரராமன்: சரி. அந்தக் கிஷோருக்கு ஒரு வருஷம் ஆர்டர் வரலைன்னா?

பத்ரிநாத்: அதுவும் கணக்குல உண்டு ஸார். கடன் ஏற ஏற மதிப்பும் ஏறும். ஒரு அளவு தாண்டிட்டா சரக்குப் போடறவன் பயப்படுவான், வேலைக்காரன் பயப்படுவான், வரியில மிச்சம் பிடிச்சது எல்லாம்...

சுந்தரராமன்: அமீனா வருவான்.

பத்ரிநாத்: யாரு ஸார்?

சுந்தரராமன்: கோர்ட்டு அமீனா. உங்க புஸ்தகத்துல அவனைப் பத்தி எழுதியிருக்காது. நான் பாத்திருக்கேன். மல்லேஸ்வரத்துல எங்க ஆத்து வாசல்ல. எனக்குப் பதினொரு வயசு. அப்பா ஒரு சிநேகிதனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அவன் ஓடிப்போயிட்டான். தமுக்கு அடிச்சு ஏலம். அம்மாவோட வெண்கலப் பானையை நடுத்தெருவுல கவுத்து வெச்சா.

பிரிஜெட்: அவரு அதைச் சொல்லியிருக்காரு.

சுந்தரராமன்: என்ன சொன்னான்? அவனுக்கு அஞ்சு வயசு.

பிரிஜெட்: தமுக்குச் சத்தம் கேட்டதும் திருவிழான்னு நெனச்சு ஆடினாராம். அந்த அமீனாவுக்கு எதிர்ல.

சுந்தரராமன்: ஆடினான். நான் அடிச்சேன். ஆனா... நன்னா ஆடினான். அன்னிக்கு முடிவு பண்ணினது. என் பேர்ல எது இருந்தாலும் அதுக்குக் கடன் இருக்கப்படாது. புரிஞ்சுதா பத்ரிநாத்? இது வரிக் கணக்கு இல்லை.

பத்ரிநாத்: புரியுது ஸார். ஆனா ஒரு சந்தேகம். நூலை அறுபது நாள் தவணையில வாங்கறோமே. அது கடன் இல்லையா?

சுந்தரராமன்: அது கடன் இல்லை. அது நம்பிக்கை.

பிரிஜெட்: சார், விட்டுடுங்க. இதுல நான் தோத்திருக்கேன், நீங்க எந்த மூலைக்கு? சரிண்ணா, இந்த முதல் பக்க வாக்கியத்துக்கு என்ன செய்யணும்?

சுந்தரராமன்: ஒண்ணும் செய்ய வேண்டாம். இப்ப பத்ரிநாத் சொன்னதைக் கேட்டேனே, அவன் கண்ணுக்கு அப்படித் தெரியறது, போகட்டும். முப்பத்தெட்டுக்குக் கையெழுத்துப் போட்டுடறேன். டொரான்டோல இருக்கற என் பிள்ளைக்கு லேபிளும் வேண்டாம், தறியும் வேண்டாம். உன் பொண்ணு புனேல டாக்டர். நமக்கு அப்புறம் யாரு?

பத்ரிநாத்: நல்லது ஸார். காபி சொல்லட்டுமா? எனக்கும் ஸாருக்கும் ஒண்ணைப் பாதியாக்கி பை-டூ, மேடத்துக்கு—

பிரிஜெட்: நான் போடமாட்டேன்.

பத்ரிநாத்: காபியா மேடம்?

பிரிஜெட்: கையெழுத்து.

சுந்தரராமன்: இதென்ன புதுசா?

பிரிஜெட்: நீங்க முதல் பக்கத்துல பென்சில் கோடு போட்டீங்க. நான் பதினாலாம் பக்கத்துல போட்டிருக்கேன். படிக்கட்டுமா? இங்கிலீஷ்ல இருக்கு. தமிழ்ல சொல்றேன், தறி ஓட்டறவங்களுக்கும் கேக்கட்டும்.

சுந்தரராமன்: பத்ரிநாத், கதவைச் சாத்துங்கோ.

பத்ரிநாத்: சாத்திட்டேன் ஸார்.

பிரிஜெட்: "மறைந்த இயக்குநர் ரகுராம் குதிரைப் பந்தயத்தில் பணத்தை இழந்து, 1995-ல் மனைவியின் காக்ஸ் டவுன் வீட்டை முப்பது லட்சத்துக்கு அடமானம் வைத்ததாக வட்டாரத்தில் பேசப்படுகிறது. வெளியே தெரியாத வேறு கடன்களும் இருக்கலாம். ஆகவே விலையில் இரண்டு கோடி குறைக்கப்பட்டுள்ளது." நிக்கோலும் கையெழுத்துப் போடணும். போடறதுக்கு முன்னாடி அவ ஒவ்வொரு பக்கமும் படிப்பா. அவங்க அப்பா மாதிரி.

சுந்தரராமன்: பதினாலாம் பக்கம் யார் படிக்கப் போறா?

பிரிஜெட்: நீங்க படிச்சீங்களா இல்லையா?

சுந்தரராமன்: படிச்சேன்.

பிரிஜெட்: அப்ப ஏன் அதுல கோடு போடல?

சுந்தரராமன்: இதோ பாரு. அந்த ரெண்டு கோடி என் பங்குலேர்ந்து போகட்டும். உனக்கும் நிக்கோலுக்கும் ஒரு ரூபா குறைய வேண்டாம். பத்ரிநாத், அப்படியே எழுதிடுங்கோ.

பத்ரிநாத்: ஸார், ரெண்டு கோடி! சும்மா தூக்கிக் குடுப்பீங்களா?

சுந்தரராமன்: என் பணம்.

பிரிஜெட்: ரெண்டு கோடியை நான் கேக்கலண்ணா. இன்னும் ரெண்டு கோடி குறைக்கட்டும். அந்த வாக்கியம் போகணும்.

பத்ரிநாத்: மேடம், அவங்க சும்மா எடுக்க மாட்டாங்க. வில்லங்க சர்டிபிகேட்ல அடமானம் பதிவாகி இருக்கு. 95 மே மாசம். 2003-ல தீர்ந்திருக்கு. கடன் எதுக்குன்னு இயக்குநர் ரெண்டு பேரும் எழுதிக் குடுத்தா, அந்த வாக்கியத்தையும் எடுப்பாங்க, ரெண்டு கோடியையும் திருப்பிச் சேப்பாங்க. இந்த மினிட்ஸ் நகலே போதும்.

பிரிஜெட்: கேட்டீங்களாண்ணா? எதுக்குன்னு எழுதிக் குடுத்தா போதுமாம்.

சுந்தரராமன்: குடும்ப விஷயத்தைத் திருப்பூர்க்காரனுக்கு எழுதிக் குடுக்கறதா?

பிரிஜெட்: குடும்ப விஷயம்தான் அங்க அச்சாகி இருக்கே. அவருக்குக் குதிரைன்னாலே ஆகாது சார். கல்யாணம் ஆன புதுசுல கப்பன் பார்க்ல ஒரு குதிரை வண்டில ஏறச் சொன்னேன். நடந்தே வந்தாரு, வண்டி கூடவே. அவருக்குத் தெரிஞ்ச ஒரே சூதாட்டம் அடுத்தவன் காலரைத் திருப்பிப் பாக்கறதுதான்.

பத்ரிநாத்: காலரா?

சுந்தரராமன்: பஸ்ல ஏறினா போறும். முன்னாடி உக்காந்திருக்கறவன் சட்டைக் காலரைத் திருப்பி, நம்ம லேபிளான்னு பாப்பான். எத்தனை பேர் கிட்ட திட்டு வாங்கியிருக்கான்!

பிரிஜெட்: என் ஸ்வெட்டரைத் திருப்பினாரு. சிவாஜிநகர் பஸ்ல. டிசம்பர் மாசம். வெச்சேன் கன்னத்துல ஒண்ணு. அதுக்கு அவரு என்ன சொன்னாருன்னு கேளுங்க. "மேடம், இது எங்களுது இல்லை. தையல் மட்டம்"னாரு.

பத்ரிநாத்: அப்புறம்?

சுந்தரராமன்: அப்புறம் என்ன? ஒரு வருஷத்துல சர்ச்ல கல்யாணம்.

பிரிஜெட்: இவரு வந்தாரு பாருங்க... பஞ்சகச்சம் கட்டிக்கிட்டு, கடைசி வரிசையில தூண் மாதிரி. பாதர் மூணு தடவை "ஐயா உக்காரலாம்"னாரு.

சுந்தரராமன்: உக்காரச் சொல்றா, எழுந்திருக்கச் சொல்றா, மண்டி போடச் சொல்றா. எதுக்கு வம்புன்னு நின்னுண்டே இருந்தேன்.

பிரிஜெட்: ஆனா வந்தீங்க. உங்க பக்கத்துலேர்ந்து வந்தது நீங்க ஒருத்தர்தான். அதை நான் மறக்கல. அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் உங்களை என்னன்னு கூப்பிடறதுன்னு தெரியாம, "இந்தாங்க", "பாருங்க"ன்னு ஓட்டினேன்.

சுந்தரராமன்: ஒருநாள் ஃபோன் பண்ணி, "ரகுவோட அண்ணா இருக்காங்களா?"ன்னு என்கிட்டயே கேட்டா.

பத்ரிநாத்: நீங்க என்ன சொன்னீங்க ஸார்?

சுந்தரராமன்: "இருக்கார். வெறும் அண்ணான்னு கூப்பிட்டா வருவார்"னேன்.

பிரிஜெட்: ஆமா... அப்ப இந்த ரோடெல்லாம் ராகி வயல். ரெண்டு பேரும் ஒரு லூனா மொபெட்ல வருவாங்க சார். இவரு பின்னாடி நிமிந்து உக்காந்திருப்பாரு, நூல் மூட்டையை மடியில வெச்சுக்கிட்டு. அவரு மேட்டுல இறங்கித் தள்ளுவாரு. இவரு இறங்க மாட்டாரு.

சுந்தரராமன்: நூல் அழுக்காயிடும்.

பத்ரிநாத்: ஸார், ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்கக் கூடாது.

சுந்தரராமன்: கேளுங்கோ.

பத்ரிநாத்: திருப்பூர்க்காரங்களுக்காகப் பழைய பாலன்ஸ் ஷீட் எல்லாத்தையும் எடுத்தேன். எனக்கு முன்னாடி இருந்த ஆடிட்டர் காலத்துது. 95 ஜூன் மாசம் கம்பெனிக்குள்ள முப்பது லட்சம் மூலதனம் வந்திருக்கு. உங்க பேர்ல பதினஞ்சு, உங்க தம்பி பேர்ல பதினஞ்சு.

சுந்தரராமன்: வந்தது. அதுக்கென்ன?

பத்ரிநாத்: ஜூலைல ரெண்டு சுவிஸ் தறி வந்திருக்கு. அதே முப்பது லட்சம்.

சுந்தரராமன்: பழைய ஃபைலை எதுக்குத் தோண்டறேள்?

பத்ரிநாத்: இன்னொண்ணு ஸார். அதுக்கப்புறம் எட்டு வருஷம் கம்பெனி விடாம உங்க ரெண்டு பேருக்கும் டிவிடெண்ட் குடுத்திருக்கு. அதுக்கு முன்னாடி குடுத்ததே இல்ல. 2003-க்கு அப்புறமும் இல்ல. வீட்டு அடமானம் தீந்ததும் 2003-தான்.

பிரிஜெட்: நல்லாப் படிச்சிருக்கீங்க சார்.

பத்ரிநாத்: நான் ஒண்ணும் சொல்லல மேடம். தேதிகளைத்தான் சொல்றேன்.

சுந்தரராமன்: காபி இன்னும் சொல்லலையே.

பிரிஜெட்: சொல்லலாம்ணா.

சுந்தரராமன்: பிரிஜெட்... அது வீட்டு மராமத்துக்கு வாங்கினது. ரகு உன்கிட்ட சொல்லியிருப்பானே.

பிரிஜெட்: சொன்னாரு. நீங்க சொல்லச் சொன்னீங்கன்னும் சேத்து சொன்னாரு. சிரிச்சுக்கிட்டே. முப்பது லட்சத்துக்கு ஓடு மாத்தறாங்களாம். அந்தக் காலத்துல அந்தப் பணத்துக்குப் பக்கத்து வீட்டையே வாங்கியிருக்கலாம்.

சுந்தரராமன்: அப்ப உனக்கு...

பிரிஜெட்: வீடு என் பேர்லண்ணா. எங்கம்மா எழுதிக் குடுத்தது. பேங்க்ல கையெழுத்துப் போட்டது நான். பரீட்சைப் பேப்பர்ல ஒரு கமா விட்டாலும் பிடிக்கறவ, அடமானப் பத்திரத்தைப் படிக்காமலா போட்டிருப்பேன்?

சுந்தரராமன்: முப்பது வருஷமாத் தெரியுமா?

பிரிஜெட்: முப்பது வருஷமாத் தெரியும்.

சுந்தரராமன்: ஒரு வார்த்தை கேக்கலையே.

பிரிஜெட்: அவரு கேக்க வேண்டாம்னாரு. "அண்ணாவுக்குக் கம்பெனி கணக்குல கடன்ங்கற வார்த்தை வரக் கூடாது. என் கணக்குல வந்தா என்ன, நான்தான் தமுக்குக்கு ஆடினவனாச்சே"ன்னாரு.

சுந்தரராமன்: ...அப்படியா சொன்னான்?

பிரிஜெட்: அப்படியே.

சுந்தரராமன்: நான் ஒண்ணும் ஏமாத்தலை, பத்ரிநாத். வந்த டிவிடெண்ட்ல என் பாதியையும் மாசா மாசம் கவர்ல போட்டு அவன் மேஜையில வைப்பேன். ஒரு மாசம் தவறினது இல்லை. அசல், வட்டி, எல்லாத்துலயும் சரிபாதி. பேர் மட்டும்தான் அவனுது.

பத்ரிநாத்: தெரியுது ஸார். சட்டப்படி ஒரு தப்பும் இல்ல. ஆனா... சொல்லட்டுமா?

சுந்தரராமன்: சொல்லித் தொலையுங்கோ.

பத்ரிநாத்: கம்பெனி பேர்ல அந்தக் கடன் இருந்திருந்தா, வட்டியை லாபத்துல கழிச்சிருக்கலாம். நீங்க லாபம் மொத்தத்துக்கும் வரி கட்டிட்டு, மிச்சத்தை டிவிடெண்டா எடுத்து, அதுலேர்ந்து வட்டி கட்டியிருக்கீங்க. அப்ப வட்டி பதினெட்டு பர்சென்ட். வரி நாப்பதைச் சுத்தி. எட்டு வருஷத்துல எப்படியும் ஒன்பது பத்து லட்சம் அதிகமா வரி போயிருக்கு. வரியைக் குறைக்கறதுக்குக் கணக்கை மறைக்கறவங்களைத்தான் எனக்குத் தெரியும். வரியை ஜாஸ்தி கட்டறதுக்காக மறைச்சவங்க... என் சர்வீஸ்ல நீங்கதான் ஸார்.

பிரிஜெட்: முதல் பக்கத்துல அவங்க சொன்ன அதே கதை.

பத்ரிநாத்: அதேதான் மேடம். கிஷோர் கதை.

சுந்தரராமன்: சர்க்காருக்குத்தானே போச்சு. திருடனுக்கா போச்சு?

பிரிஜெட்: பணம் போனது போகட்டும்ணா. எங்கப்பாவை நெனச்சுப் பாத்தீங்களா? சார், உங்களுக்குத் தெரியாது. 97-ல ஒரு பெரிய எக்ஸ்போர்ட் ஆர்டர் ரத்தாச்சு. ரெண்டு தவணை கட்ட முடியல. பேங்க்காரங்க நோட்டீஸ் கொண்டு வந்து எங்க வீட்டுக் கேட்ல ஒட்டிட்டாங்க. ஞாயித்துக்கிழமை. சர்ச்ல பூசை முடிஞ்சு எல்லாரும் அந்தப் பக்கமாத்தான் போவாங்க.

பத்ரிநாத்: ஐயோ.

பிரிஜெட்: ஒரு வாரத்துல குதிரைக் கதை வந்துடுச்சு. எங்கப்பா எங்களோடதான் இருந்தாரு. அன்னிலேர்ந்து மாப்பிள்ளைகூடப் பேச்சை நிறுத்திட்டாரு. ஒரே மேஜையில உக்காந்து சாப்பிட மாட்டாரு. நாலு வருஷம். சாகற வரைக்கும். அவரு மட்டும் தினமும் "மாமா, தட்டு எடுத்து வெச்சிருக்கேன்"னு போய் கூப்பிடுவாரு. நிக்கோலை ஸ்கூல்ல ரேஸ்காரன் பொண்ணுன்னாங்க.

சுந்தரராமன்: போறும், பிரிஜெட்.

பிரிஜெட்: போதும்னு நானும் பல தடவை நெனச்சேன். எங்கப்பாகிட்ட சொல்லிடறேன்னு கெஞ்சினேன். "சொன்னா நூல் வராது, தறி நிக்கும், நாப்பது பேர் வேலை போகும். கொஞ்ச நாள்"னாரு. கொஞ்ச நாள் கொஞ்ச நாளுன்னு... 2011-ல அவரும் போயிட்டாரு.

பத்ரிநாத்: மேடம்... தண்ணி குடிங்க.

பிரிஜெட்: எனக்கு ஒண்ணும் இல்ல சார். அண்ணா, விக்கறதுல எனக்கு வருத்தம் இல்ல. கடன் தறிக்குத்தான்னு ஒரு வரி எழுதுங்க. நிக்கோல் அதைப் படிக்கட்டும். அவ்வளவுதான் கேக்கறேன்.

சுந்தரராமன்: நாப்பத்தாறு வருஷமா எல்லா மேடையிலயும் சொல்லியிருக்கேன். சாரங்கா லேபிள்ஸுக்குக் கடன் கிடையாதுன்னு. சங்கத்துல சால்வை போட்டா, அதுக்குத்தான் போட்டா.

பிரிஜெட்: தெரியும்ணா. முன் வரிசையில நானும் அவரும்தான் உக்காந்து கை தட்டினோம்.

சுந்தரராமன்: அவன் எழுந்து நின்னு தட்டினான்.

பிரிஜெட்: ஆமா.

சுந்தரராமன்: ...பத்ரிநாத், எழுதிக்கோங்கோ. "1995-ல் காக்ஸ் டவுன் வீட்டின் மேல் வாங்கிய முப்பது லட்ச ரூபாய், இந்தக் கம்பெனிக்கு இரண்டு தறிகள் வாங்குவதற்காகப் பெற்ற கடன். இரு சகோதரர்களும் சமமாகத் திருப்பிச் செலுத்தினார்கள்."

பத்ரிநாத்: கடன்னே போடட்டுமா ஸார்? இல்ல... "நிதி"ன்னு...

சுந்தரராமன்: கடன்னே போடுங்கோ.

பத்ரிநாத்: போட்டாச்சு.

பிரிஜெட்: தேங்க்ஸ்ணா.

சுந்தரராமன்: எனக்கு எதுக்கு தேங்க்ஸ்?

பத்ரிநாத்: ஒரே ஒரு விஷயம் பாக்கி ஸார். திருப்பூர்க்காரங்க வக்கீல் கேப்பாரு. கடன் தறிக்குன்னா, குதிரைக் கதை எங்கேர்ந்து வந்ததுன்னு. அதுக்கும் ஒரு வாக்கியம் வேணும்.

பிரிஜெட்: அது எதுக்கு சார்? ஊர் வாய். யாரோ சொன்னது.

பத்ரிநாத்: யாரோன்னா ஏத்துக்க மாட்டாங்க மேடம்.

பிரிஜெட்: அவென்யூ ரோடு நூல் கடைப் பக்கம் எவனோ கிளப்பிவிட்டான்னு எழுதுங்க. ஆள் தெரியாது, செத்துப்போயிருப்பான். முடிச்சுடுங்க.

சுந்தரராமன்: அவென்யூ ரோடுன்னு உனக்கு எப்படித் தெரியும்?

பிரிஜெட்: ...எங்கயோ கேட்டது.

சுந்தரராமன்: ரகு சொன்னானா?

பிரிஜெட்: எழுதுங்க சார். "வட்டாரத்தில் யாரோ." போதும்.

சுந்தரராமன்: பிரிஜெட், ரகு சொன்னானா?

பிரிஜெட்: அது காதுல விழுந்த அன்னிக்கு ராத்திரி வந்து சொன்னாரு. உங்ககிட்ட எப்பவும் காட்டிக்கக் கூடாதுன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. விடுங்கண்ணா. சார், அந்தப் பேனாவை மூடுங்க.

சுந்தரராமன்: மூடாதீங்கோ. ரகுராம் ரேஸ் கோர்ஸ் வாசலைக்கூட மிதிச்சதில்லை. வட்டாரத்துல யாரும் எதையும் கிளப்பலை. கேட்ல ஒட்டின நோட்டீஸைப் பத்திக் கேள்விப்பட்டு, கம்பெனி கடன்ல முழுகறதான்னு நூல் வியாபாரி கேட்டான். கம்பெனிக்குக் கடன் கிடையாது, என் தம்பி குதிரையில விட்டுட்டான்னு அவன் கடையில உக்காந்து சொன்னவன் நான்.